கன்டெய்னர் வருமுன்: சுங்க வரியில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

கன்டெய்னர் தூத்துக்குடியில் இறங்கிய பிறகுதான் பலர் வரியைக் குறைக்க வழி உண்டா என்று ஏஜென்டிடம் கேட்கிறார்கள். அதற்குள் பாதி வழி அடைபட்டிருக்கும். சலுகைகளில் பெரும்பாலானவை ஆர்டர் கொடுக்கும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றன.

செய்ய வேண்டியவை

• எது உண்மையான செலவு என்று பிரித்துப் பாருங்கள். 20 லட்சம் ரூபாய் சரக்குக்கு அடிப்படை வரி 7.5 சதவீதம் என்றால் 1.5 லட்சம். அதன்மேல் 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரி 15,000. கையை விட்டுப் போவது இந்த 1.65 லட்சம்தான். ஐ.ஜி.எஸ்.டி. பெரிதாக மிரட்டினாலும், உள்ளீட்டு வரி வரவு எடுக்கத் தகுதியுள்ளவருக்கு அது கணக்கில் திரும்பிவிடும்.

• ஜப்பான், கொரியா, ஆசியான் நாடுகள், அமீரகம் ஆகியவற்றுடன் இந்தியாவுக்கு வரிச் சலுகை தரும் வர்த்தக ஒப்பந்தம் உண்டு. அங்கிருந்து வாங்கும்போது உற்பத்தி நாட்டுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். 2020 செப்டம்பரிலிருந்து அந்தத் தாள் மட்டும் போதாது. பொருள் அங்கேதான் உருவானது என்பதற்கான விவரங்களும் 5 ஆண்டுகள் உங்களிடம் இருக்க வேண்டும்.

• ஏற்றுமதிக்கான மூலப்பொருள் என்றால், வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டி.ஜி.எஃப்.டி.யில் அட்வான்ஸ் ஆதரைசேஷன் எடுத்துவிட்டு இறக்குங்கள். அடிப்படை வரி இல்லை. பொதுவாக 18 மாதத்துக்குள் ஏற்றுமதியை முடித்துக் காட்ட வேண்டும்.

• கப்பல் கட்டண ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கட்டணம் தெரியவில்லை என்றால் எஃப்.ஓ.பி. விலையில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலை) 20 சதவீதத்தைக் கூட்டித்தான் வரி போடுவார்கள்.

• சுங்கத்துக்கான இறக்குமதி ஆவணமான பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளே தாக்கல் செய்யுங்கள். தாமதமானால் முதல் 3 நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. துறைமுகத் தாமதக் கட்டணமான டெமரேஜ் தனி.

செய்யக்கூடாதவை

• வரி குறைந்த எச்.எஸ். கோடைத் தேடிப்பிடித்துப் பொருளை அதற்குள் திணிக்காதீர்கள். வேண்டுமென்றே செய்தது என்று தெரிந்தால் 5 ஆண்டு பின்னோக்கி வரி, வட்டி, வரிக்குச் சமமான அபராதம் என்று வரும். உண்மையிலேயே சந்தேகம் என்றால் முன்கூட்டியே அட்வான்ஸ் ரூலிங் கேளுங்கள்.

• ஏற்றுமதியாளருக்கான இயந்திர இறக்குமதித் திட்டமான இ.பி.சி.ஜி.யில் இயந்திரத்துக்கு வரியே இல்லை என்று மயங்காதீர்கள். 10 லட்சம் மிச்சமானால் 6 ஆண்டில் 60 லட்சத்துக்கு ஏற்றுமதி செய்தாக வேண்டும்; அதுவும் வழக்கமான சராசரி ஏற்றுமதிக்கு மேல். ஒரே ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளரை நம்பியிருக்கும் சிறிய பனியன் கம்பெனிக்கு, என்னைக் கேட்டால், வேண்டாம்.

• ஏற்றுமதி செய்யும்போது, கட்டிய வரியைத் திரும்பப் பெற உதவும் டிராபேக், ரோடெப் திட்டங்களின் விவரங்களைப் பார்க்காமல் ஷிப்பிங் பில்லை அனுப்பச் சொல்லாதீர்கள். ஏஜென்ட் விட்டால் நஷ்டம் உங்களுக்கு.

• தவறாக வந்த சரக்கைக் குடோனில் போட்டு வைக்காதீர்கள். பயன்படுத்தாமல் 2 ஆண்டுக்குள் திருப்பி அனுப்பினால், கட்டிய இறக்குமதி வரியில் 98 சதவீதம் திரும்பக் கிடைக்கும். அதே சரக்குதான் என்று நிரூபிக்க வேண்டும். சீரியல் எண்களைக் குறித்து வையுங்கள்.

• ஆர்டர் போட்ட நாளின் வரி விகிதத்தை நம்பி விலை பேசாதீர்கள். பில் ஆஃப் என்ட்ரி தாக்கலான நாளின் விகிதமே செல்லும். முன்கூட்டித் தாக்கல் செய்திருந்தால், கப்பலுக்கு உள்வர அனுமதி கிடைத்த நாளின் விகிதம். பட்ஜெட் நேரத்தில் கப்பல் கடலில் இருந்தால் இதைக் கட்டாயம் கணக்கில் வையுங்கள்.