சலானைப் படித்த பிறகு மென்பொருளைப் பேசுங்கள்

தொழில்நுட்ப ஆலோசகராகத் தனியே தொழில் தொடங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த மென்பொருளைக் கற்றுக்கொள்வது என்றுதான். டேலியா, சாப்பா, ஓடூவா என்று பட்டியல் நீளும். எந்தத் தொழிலைக் கற்றுக்கொள்வது என்ற கேள்வி அதற்கு முன்னால் வரவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மென்பொருளை விற்க டீலர் இருக்கிறார், நிறுவிக் கொடுக்க அவருடைய ஆட்கள் இருக்கிறார்கள், கோடு எழுத ஆட்கள் கிடைக்கிறார்கள். தன் கம்பெனியில் சரக்கு எந்த வழியாகப் போகிறது, அதைப் பற்றிய கணக்கு எங்கே அறுந்துபோகிறது என்று முதலாளிக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை. ஆலோசகருக்குக் கூலி கொடுப்பது இந்த ஒன்றுக்காகத்தான்.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். ஒரு பனியன் ஆர்டர் நூலாக உள்ளே வந்து, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று போகிறது. இதில் பாதி வேலை வெளியே ஜாப் ஒர்க்காக நடக்கிறது. ஒவ்வொரு முறை சரக்கு வாசலைத் தாண்டும்போதும் ஒரு டெலிவரி சலான் கிழிக்கப்படுகிறது. அந்தச் சலானைக் கையில் எடுத்துப் பாருங்கள். டையிங்குக்கு 100 கிலோ துணி போகிறது, 96 கிலோ திரும்புகிறது. பொதுவான ஸ்டாக் மென்பொருளுக்கு அந்த 4 கிலோ காணாமல் போன சரக்கு. அது பிராசஸ் லாஸ் என்பதும், நிறத்துக்கு நிறம் மாறும் என்பதும், எந்த அளவு வரை ஒப்புக்கொள்ளலாம், எதற்கு மேல் சாயப்பட்டறைக்குப் போன் போட வேண்டும் என்பதும் கம்பெனி மேனேஜருக்குத் தெரியும். கட்டிங் மேஜையில் இன்னொரு சிக்கல்: கிலோவாக ஏறிய துணி பீஸாக இறங்குகிறது, மிச்சம் கட்டிங் வேஸ்டாக மறுபடி கிலோவில் விலைபோகிறது. அளவையே இரண்டு முறை மாறும் இடத்தில், ஒரே அலகைக் கேட்கும் திரையை வைத்தால் குமாஸ்தா என்ன செய்வார்? ஏதோ ஒரு எண்ணை அடித்துவிட்டு, உண்மைக் கணக்கை நோட்டில் எழுதிக்கொள்வார். இதில் சட்டமும் சேர்ந்திருக்கிறது. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பவோ அங்கிருந்தே விற்பனையாகவோ வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவு. தவறினால், அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொண்டு வரி வரும். ஆக, சலான் கணக்கு தவறுவது வெறும் ஸ்டாக் தவறாக நின்றுவிடாது.

பெரிய நிறுவனங்களுக்கும் இதே பாடம்தான். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999இல் சாப் உள்ளிட்ட புதிய அமைப்புகளை ஒரே மூச்சில் இயக்கத் தொடங்கியது. ஏப்ரலில் முடிய வேண்டிய வேலை ஜூலைக்குத் தள்ளிப்போனது. அது ஹாலோவீன் பண்டிகைக்காகக் கடைக்காரர்கள் ஆர்டர் குவிக்கும் நேரம். சரக்கு கிடங்கில் இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியவில்லை. சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்கள் கைநழுவின. உலகம் முழுக்க ஓடும் மென்பொருள் அது. வியாபாரத்தின் பருவத்தைக் கணக்கில் கொள்ளாத திட்டம்தான் அங்கே இடறியது. மிட்டாய் வியாபாரம் அறிந்த ஒருவரின் பேச்சு எடுபட்டிருந்தால், அந்த ஜூலையில் தொடங்கியிருக்கவே மாட்டார்கள்.

ஒரே தொழிலில் முடங்கினால் வாய்ப்பு சுருங்கிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான அச்சம். ஆனால் தேவை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஜிஎஸ்டியின் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத்தான் கட்டாயமாக இருந்தது. 2023 ஆகஸ்டுக்குள் அந்த வரம்பு 5 கோடிக்கு இறங்கிவிட்டது. ஒவ்வொரு படி இறங்கும்போதும் ஐடி டிபார்ட்மெண்ட் என்று ஒன்றே இல்லாத கம்பெனிகள் உள்ளே வந்தன. இவர்களுக்கு எல்லாம் தெரிந்தவர் தேவையில்லை, தங்கள் பாஷை புரிந்தவர் தேவை. பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்தவர் என்ற ஒரு சொல்லுக்கு அங்கே இருக்கும் மதிப்பு எந்தச் சான்றிதழுக்கும் கிடையாது.

இன்னொரு கேள்வி கனமானது: தொழிலைப் படிக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை சாப்பாட்டுக்கு என்ன வழி? படிப்பதையே முதல் வேலையாக விற்கலாம் என்பது என் பதில். இரண்டு வாரம் தளத்தில் இருந்து பார்த்து, சரக்கும் தாளும் போகும் வழியை வரைந்து, கணக்கு அறும் இடங்களைக் குறித்து, ஓர் அறிக்கை தருவதாக ஒரு நிலையான தொகைக்குப் பேசுங்கள். அதை வைத்து முதலாளி வேறு யாரிடம் வேலையைக் கொடுத்தாலும் சரி என்றும் சொல்லிவிடுங்கள். நேற்றுக் கல்லூரி முடித்தவருக்கு இதுகூடக் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர் இரண்டு மூன்று ஆண்டு ஒரு கம்பெனியில் சம்பளத்துக்கு இருந்துவிட்டு வருவதே நல்லது.

டீலர் கமிஷனை மட்டும் தொடாதீர்கள். விற்பனையில் பங்கு வாங்கிய பிறகு, உங்களுக்கு மென்பொருளே வேண்டாம், சலான் புத்தகத்தை ஒழுங்காக எழுதினால் போதும் என்று முதலாளியிடம் சொல்ல வாய் வராது. அதைச் சொல்ல வேண்டிய கம்பெனிகள் நிறைய உண்டு. எது உங்கள் வேலை, எது இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள். உத்யம் பதிவும் செய்துகொள்ளுங்கள். அப்படிப் பதிவு செய்த குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது சட்டம்.

முதல் கம்பெனிக்குப் போகும்போது லேப்டாப்பில் டெமோ எடுத்துப் போக வேண்டாம். கட்டிங் மேஜைப் பக்கம் ஒரு நாள் நிற்க அனுமதி கேளுங்கள். போன மாதச் சலான் கட்டைப் புரட்டிப் பார்க்கக் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள்.