டயருக்குள் இருந்தது என்ன?

நுழையும்முன்

ஆணியைக் கன்னடத்தில் ‘மொளெ’ என்பர். மாட்டைக் கட்டுவதற்கு நிலத்தில் அடிக்கும் குச்சியைத் தமிழில் ‘முளை’ என்பர். இரண்டும் உறவுடைய சொற்கள். பெரிய தேரின் சக்கரம் கழலாமல் ஓடக் காரணமாவது அச்சாணி. ஓடும் வண்டியை நடுவழியில் நிறுத்திவிடுவதும் ஓர் ஆணியே. ஒரு காரை நிறுத்திய பொருள் ஆணிதானா, வேறொன்றா என்னும் ஆராய்ச்சியை இப்பாடத்தில் படியுங்கள்.

பாடம்

லிங்கராஜபுரத்தில் ஹெண்ணூர் முதன்மைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சிறு தெருவை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் அங்கே வாழ்ந்துவந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பாட்டியைப் பார்க்க ஊருக்குப் புறப்பட வேண்டும். இட்லிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் காரில் ஏறி அமர்ந்துவிட்டனர். வண்டியைச் சுற்றி வந்த அப்பா நின்றுவிட்டார். இடப்பக்கத்துப் பின் டயர் காற்றின்றிச் சப்பிக் கிடந்தது.

எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “இந்த மாதத்தில் நம் தெருவில் இது மூன்றாவது பஞ்சர், சார். எனக்கும் போன வாரம் ஆயிற்று. தெருமுனையில் புதிதாகப் பஞ்சர் கடை ஒன்று வந்திருக்கிறதல்லவா? அது வந்த பிறகுதான் இத்தனையும். ஆணியை இறைத்துவிட்டு ஆள் வரட்டும் என்று காத்திருக்கிறான்” என்றார்.

அவருடைய ஐயம் முற்றிலும் கற்பனை என்று சொல்வதற்கில்லை. இதே நகரின் வெளிவட்டச் சாலையில் பணிக்குச் சென்றுவந்த பெனடிக்ட் ஜெபகுமார் என்னும் பொறியாளருடைய வண்டி அடிக்கடி பஞ்சர் ஆனது. அவர் சாலையோரத்தை உற்றுநோக்கினார். ஆணிகள் கிடந்தன. 2014ஆம் ஆண்டளவில் அவற்றைப் பொறுக்கத் தொடங்கினார். முதலில் கையால் பொறுக்கியவர், பின்னர்க் காந்தம் பொருத்திய கோலைப் பயன்படுத்தினார். பொறுக்கியவற்றை நிறுத்துப் படமெடுத்து வெளியிட்டார். இரண்டொரு ஆண்டுகளில் அவர் திரட்டிய ஆணிகளின் எடை 30 கிலோவைத் தாண்டியது. அவை தாமாகச் சிந்தியவை அல்ல, எவரோ வேண்டுமென்றே இறைத்தவை என்பது அவர் கண்ட முடிவு. செய்தித்தாள்களில் இச்செய்தியைப் படித்தவர்களுக்கு, பஞ்சர் ஆனதும் அருகிலுள்ள கடையின்மீது சினம் எழுவது இயல்பே.

அப்பா மாற்றுச் சக்கரத்தைப் பொருத்தினார். பழுதான சக்கரத்தை உருட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடந்தார். ஏழாம் வகுப்பில் படிக்கும் மகளும் உடன் சென்றாள்.

கடைக்காரர் தருமபுரிப் பக்கத்தைச் சேர்ந்தவர். சக்கரத்தில் காற்றை ஏற்றி, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி மெல்ல உருட்டினார். ஓரிடத்தில் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின.

“பஞ்சர் ஆவதும் இங்கே, ஒட்டுவதும் இங்கே. வசதியாகத்தான் இருக்கிறது” என்றார் அப்பா.

கடைக்காரரின் கை ஒரு கணம் நின்றது. “என்ன குத்தியிருக்கிறது என்று முதலில் பார்ப்போம், சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குறட்டை எடுத்தார்.

குறடு பற்றி இழுத்த பொருளைக் கண்டு மூவரும் வியந்தனர். அஃது ஆணியன்று. ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் நீளமுள்ள தட்டையான இரும்புத் துண்டு. அகலம் மூன்று மில்லிமீட்டர் இருக்கலாம். தடிப்பு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. தலை இல்லை. திருகாணிக்குரிய மரை இல்லை. உள்ளே இருந்த முனை கோணலாக முறிந்திருந்தது. வெளிமுனை மட்டும் கண்ணாடிபோல் மின்னியது. மற்றப் பகுதி பழுப்பாகத் துருவேறியிருந்தது.

“இது வாரத்துக்கு ஒன்றாவது வரும், சார். பெயர்தான் தெரியாது” என்றார் கடைக்காரர். துளையை அரத்தால் உராய்ந்து, பசை தோய்ந்த ரப்பர்த் திரியை ஊசியில் கோத்து உட்செலுத்தி, வெளியே நீண்ட பகுதியை அறுத்தெடுத்தார். தரையில் படும் பகுதியில் குத்தியதால் இவ்வாறு சரிசெய்ய முடிந்தது. டயரின் பக்கச்சுவரில் குத்தியிருந்தால் ஒட்டுப் போடுவது பாதுகாப்பன்று. டயரையே மாற்ற வேண்டியிருக்கும்.

மகள் அந்தத் துண்டைக் கேட்டு வாங்கித் தன் வடிவியல் பெட்டியில் போட்டுக்கொண்டாள்.

காற்றடைத்த டயர் எந்த நாளில் பிறந்ததோ அந்த நாளிலேயே பஞ்சரும் பிறந்தது எனலாம். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றார். உலகம் அதை மறந்துவிட்டது. 1887இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர மிதிவண்டி அதிராமல் ஓட வேண்டும் என்று அதே எண்ணத்தை மீண்டும் கண்டடைந்தார். அக்காலச் சாலைகளில் குதிரைகளே மிகுதி. அவற்றின் லாடங்களிலிருந்து கழன்ற ஆணிகள் எங்கும் கிடந்தன. டயரை மெல்ல உரசிச் செல்லும் கம்பி ஒன்றை மிதிவண்டியில் கட்டி, ஒட்டிய பொருள் ஆழப் பதியும்முன் தட்டிவிடும் வழக்கமும் இருந்தது.

இன்றைய கார்களில் பெரும்பாலும் உள்குழாய் இல்லாத டயர்களே உள்ளன. இவற்றுள் ஒரு பொருள் குத்தினால், ரப்பர் அதை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குத்திய பொருளே துளைக்கு அடைப்பாகவும் நிற்கும். அதனால் காற்று சிறிது சிறிதாகவே கசியும். முழுதும் வெளியேறச் சில மணி நேரம் ஆகலாம், சில நாள்களும் ஆகலாம். வழியில் டயரில் ஆணியைக் கண்டவுடன் பிடுங்கிவிடக் கூடாது என்று பட்டறிவுடையோர் சொல்வது இதனால்தான். பின் டயரே மிகுதியாகக் குத்துப்படுவதற்கும் காரணம் உண்டு. தரையில் படுத்துக் கிடக்கும் ஆணியை முன் சக்கரம் புரட்டி எழுப்பிவிடும். அது விழுவதற்குள் பின் சக்கரம் அதன்மேல் ஏறிவிடும்.

காரில் ஊருக்குச் செல்லும் வழியெல்லாம் மகள் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இது நம் தெருவில் குத்தியதன்று, அப்பா” என்றாள் திடீரென்று.

“எப்படிச் சொல்கிறாய்?”

“வெளிமுனை மட்டும் பளபளக்கிறது பாருங்கள். சாலையில் உரசி உரசித்தான் இப்படித் தேய்ந்திருக்க வேண்டும். நம் வாயிலில் குத்தியிருந்தால் தேய நேரம் ஏது? பல கிலோமீட்டர் நம்மோடு ஓடி வந்திருக்கிறது.”

அப்பா மறுமொழி கூறவில்லை. அவர் நாள்தோறும் ஹெண்ணூர் சாலை வழியாக வெளிவட்டச் சாலையை அடைந்து பணிக்குச் செல்பவர். எந்த நாளில், எந்த இடத்தில் என்று யார் சொல்ல முடியும்?

பாட்டி வீட்டில் ஆராய்ச்சி தொடர்ந்தது. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துத் துண்டின் அருகே கொண்டு சென்றாள். ஒட்டிக்கொண்டது. எனவே அலுமினியமன்று, பித்தளையுமன்று. விரலால் மெல்ல வளைத்தாள். வளைந்தது, விட்டவுடன் நிமிர்ந்துவிட்டது. பாட்டியின் பெட்டியிலிருந்த சிற்றாணியையும் வளைத்துப் பார்த்தாள். அது வளைந்தபடியே நின்றது. ஆகவே டயரில் இருந்தது ஆணி செய்யும் மென்னிரும்பு அன்று. சுருள்வில் செய்ய உதவும் எஃகு.

குடைக்கம்பியா? குடைக்கம்பி ஓடைபோல் குழிந்திருக்கும், இது தட்டை. இரும்பறுக்கும் வாளின் துண்டா? வாளுக்குப் பல் உண்டு. வெடித்த லாரி டயரிலிருந்து பிரிந்த கம்பியா? அக்கம்பி நூல்போல் மெலிந்தது. மழைநீர் துடைக்கும் வைப்பரின் உட்பட்டையா? இந்த ஒன்றை மட்டும் அவளால் விலக்க முடியவில்லை. அண்ணன் போய்க் காரின் வைப்பரைப் பார்த்துவிட்டு வந்தான். அதன் பட்டை துருப்பிடிக்காத வகை. துருவேறிய துண்டு அதுவாக இருக்க முடியாது. விலக்க வேண்டியவை எல்லாம் விலகின. விடை மட்டும் கிடைக்கவில்லை.

விடை, எதிர்பாராமல் திங்கட்கிழமை விடியுமுன் வந்தது. ஊரிலிருந்து திரும்பிய கார் ஹெண்ணூர் சாலையில் நுழைந்தபோது, மஞ்சள் விளக்குச் சுழல ஒரு துப்புரவு வண்டி முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பெங்களூருவின் பெரிய சாலைகளில் இரவில் இத்தகைய வண்டிகளைக் காணலாம். வண்டியின் பக்கவாட்டில் வட்டமான தூரிகை ஒன்று சுழன்று, சாலையோரத்து மண்ணை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

மகள் கத்தினாள்: “அப்பா, நிறுத்துங்கள்!”

துப்புரவு வண்டி ஓரமாக நின்றபோது அப்பா இறங்கிச் சென்று ஓட்டுநரிடம் கன்னடத்தில் பேசினார். துண்டைக் கண்டதும் ஓட்டுநர் சிரித்துவிட்டார். தூரிகையைச் சுட்டிக்காட்டினார். அது நாரால் ஆனதன்று. நூற்றுக்கணக்கான தட்டை எஃகுப் பற்களால் ஆனது. அப்பா துண்டை ஒரு பல்லின்மேல் பொருத்திப் பார்த்தார். அகலமும் தடிப்பும் ஒன்றாகவே இருந்தன.

பற்கள் முறிவது ஏன்? காகிதங்களைச் சேர்க்கும் கம்பிக் கவ்வியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியுமாக வளைத்தால் சிறிது நேரத்தில் ஒடிந்துவிடும். ஒருமுறை வளைவதைத் தாங்கும் உலோகம், பன்முறை வளைந்தால் உள்ளுக்குள் நுண்ணிய வெடிப்புகள் பரவி முறிகிறது. இதனை உலோகச் சோர்வு என்பர். தூரிகைப் பற்கள் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் மோதி வளைகின்றன. சோர்ந்த பல் ஒடிந்து சாலையிலேயே தங்கிவிடுகிறது. தூய்மை செய்யும் வண்டியே குத்தும் பொருளையும் விட்டுச் செல்வது வேடிக்கைதான். இந்தப் பற்களுக்கு மறுவாழ்வு தருவோரும் உண்டு. ஆப்பிரிக்க இசைக்கருவியான கலிம்பாவைக் கட்டைவிரல்களால் மீட்டுவர். அதைத் தாமே செய்வோர் சிலர், சாலையில் பொறுக்கிய இப்பற்களையே அதன் நாக்குகளாகப் பொருத்துகின்றனர்.

ஆயினும் தெருவில் நேர்ந்த பஞ்சர்கள் மூன்று. ஒன்றுக்குத்தான் விடை கிடைத்தது. மாலையில் மகள் எதிர்வீட்டுக்குச் சென்றாள். “மாமா, உங்கள் டயரில் எடுத்ததை வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டாள். சான்றாக இருக்கட்டும் என்று அவர் அதைக் காகிதத்தில் பொதிந்து வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால், ஆறுமுகத் தலையும் ரப்பர் வளையமும் கொண்ட திருகாணி. கூரைத் தகடு பொருத்தப் பயன்படுவது. அவர் வீட்டிலிருந்து நான்காம் வீட்டு மாடியில் அந்த மாதம்தான் தகட்டுக் கூரை போட்டிருந்தனர். மூன்றாவது காரில் குத்தியதை எவரும் எடுத்துவைக்கவில்லை. அதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

வெளிவட்டச் சாலையில் கிடந்தவை குவியல் குவியலாக ஆணிகள். இந்தத் தெருவில் கிடைத்தவையோ ஒன்று தூரிகைப் பல், மற்றொன்று கூரைத் திருகாணி. ஒரே கை இறைத்திருந்தால் இரண்டும் இவ்வளவு வேறுபட்டிருக்குமா என்று எதிர்வீட்டு மாமா தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். திருகாணியை மீண்டும் பொதிந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்பா அன்று மாலை காரை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குச் சென்றார். நான்கு டயர்களிலும் காற்றழுத்தம் பார்க்கச் சொன்னார். மாற்றுச் சக்கரத்தையும் பார்க்கச் சொன்னார். பிறகு, “அதன் பெயர் தெரிந்துவிட்டது. சாலை பெருக்கும் வண்டியின் பல்” என்றார்.

கடைக்காரர் பலகைக்கு அடியிலிருந்து பழைய தகரப் பெட்டி ஒன்றை எடுத்துக் கவிழ்த்தார். டயர்களிலிருந்து பிடுங்கிய பொருள்கள் பல கலகலவென்று கொட்டின. அவற்றுள் தட்டையானவற்றைத் தனியே பிரித்து எண்ணினார். பதினொன்று இருந்தன.

“நேற்று நான் பேசியது…” என்று தொடங்கினார் அப்பா.

“காற்று சரியாக இருக்கிறது, சார்” என்றார் கடைக்காரர். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, “உட்காருங்கள், தேநீர் சொல்கிறேன்” என்றார்.

சொற்பொருள்

ஐயம் – சந்தேகம். குறடு – பற்றி இழுக்கும் கருவி. மரை – திருகாணியில் சுற்றிச் செல்லும் வரி. அரம் – உராயும் கருவி. எஃகு – உறுதியாக்கப்பட்ட இரும்பு. பட்டறிவு – அனுபவம். காப்புரிமை – புதிதாகக் கண்டுபிடித்தவருக்கு அரசு வழங்கும் உரிமை.

பயிற்சி

1. அந்தத் துண்டு தெருவில் குத்தியதன்று என்பதற்கு மகள் காட்டிய சான்று யாது?

2. எதிர்வீட்டுக்காரர் கடைக்காரர்மீது ஐயம் கொண்டது சரியா? உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.

3. மூன்றாவது காரைப் பற்றி ‘எதுவும் சொல்வதற்கில்லை’ என்று கூறப்படுவது ஏன்?

4. பிரித்து எழுதுக: அச்சாணி, சிற்றாணி, மென்னிரும்பு.

5. அப்பா சொல்லாமல் நிறுத்திய தொடரை நீரே நிறைவு செய்க.

6. உம் வீட்டில் பெயர் தெரியாத சிறு பொருள் ஒன்றைத் தேடி எடுக்க. அதன் வடிவம், நிறம், தேய்மானம், காந்தத்தில் ஒட்டுவது ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அஃது என்னவாக இருக்கலாம் என்று எழுதி வகுப்பில் படித்துக் காட்டுக.