சிறைச்சாலையிலிருந்து ஒரு கேள்வி



செய்திக்குள் போகுமுன் ஒன்றை அறிக்கை செய்ய வேண்டும். ஊழியத்தின் ஆரம்ப நாட்களில் வியாதியஸ்தருக்காக ஜெபிப்பேன். சுகம் கிடைக்காவிட்டால், "உங்களுக்கு விசுவாசம் பத்தலை" என்று சொல்லி அனுப்பிவிடுவேன். பிறகு என் வீட்டுக்கே அந்தச் சோதனை வந்தது. எங்கள் இரண்டாவது மகன் ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சலில் விழுந்தான். உபவாசித்தோம். சபையார் இராமுழுவதும் ஜெபித்தார்கள். பன்னிரண்டாம் நாள் விடியற்காலையில் பிள்ளை கண்மூடிவிட்டான். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மனைவி கேட்டாள்: "என்னங்க, ஆண்டவர் நம்மள நேசிக்கிறாருன்னு இத்தனை வருஷம் பிரசங்கம் பண்ணீங்களே, அது நிஜந்தானா?" என்னிடம் பதில் இல்லை. அதே கேள்வி எனக்குள்ளும் இருந்தது.

அந்த நாட்களில் மத்தேயு 11-ம் அதிகாரம் என்னைப் பிடித்துக்கொண்டது. யோவான்ஸ்நானன் யோர்தானில் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன். இவரே தேவ ஆட்டுக்குட்டி என்று கைநீட்டிக் காட்டியவன். அவனே இப்போது ஏரோதின் சிறையில் கிடக்கிறான். சவக்கடலுக்குக் கிழக்கே, இன்றைய யோர்தான் நாட்டிலுள்ள மக்கேருஸ் கோட்டைதான் அந்த இடம் என்று யூத சரித்திர ஆசிரியர் ஜொசிபஸ் எழுதியிருக்கிறார். அங்கிருந்து அவன் இயேசுவிடம் ஆள் அனுப்பிக் கேட்கிறான்: நாங்கள் காத்திருந்தவர் நீர்தானா, இல்லை இன்னொருவருக்காகக் காத்திருக்கணுமா?

1. கேள்வியை யாரிடம் கொண்டுபோனான்?

சந்தேகம் வந்ததும் அவன் இயேசுவை விட்டு ஓடவில்லை. சந்தேகத்தையே இயேசுவிடம் அனுப்பினான். அவிசுவாசம் தேவனுக்கு முதுகைக் காட்டும். காயப்பட்ட விசுவாசமோ அவர் முகத்தைப் பார்த்தே, "ஏன்?" என்று கேட்கும். இரண்டும் ஒன்றல்ல, பிரியமானவர்களே.

2. எந்த வார்த்தை வரவில்லை?

குருடர் பார்க்கிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், மரித்தோர் எழும்புகிறார்கள் என்று இயேசு பதில் அனுப்பினார். இது ஏசாயா முன்னறிவித்த காரியங்களின் நிறைவேறுதல். ஆனால் ஏசாயா 61-ல் சிறைப்பட்டவர்களின் விடுதலையும் இருக்கிறதே! நாசரேத் ஜெப ஆலயத்தில் இயேசு அதையும் வாசித்தாரே! சிறையிலிருந்தவனுக்கு அனுப்பிய பதிலில் அது மட்டும் இல்லை. என்னைக் குறித்து இடறிப்போகாதவன் பாக்கியவான் என்று முடித்துவிட்டார். யோவான் கடைசிவரை வெளியே வரவில்லை. அவன் தலை வெட்டப்பட்டது. அவனுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யார் சொல்லத் துணிவார்கள்?

3. இயேசு அவனைப் பற்றி என்ன நினைத்தார்?

கேள்வி கேட்டதற்காக இயேசு கோபிக்கவில்லை. வந்தவர்கள் திரும்பிப் போகையில் ஜனங்களிடம், ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் இவனைவிடப் பெரியவன் எழும்பியதில்லை என்று சாட்சி கொடுத்தார். யோவான் சந்தேகப்பட்ட அந்த நாளில்தான் இந்தப் புகழ்ச்சி! அவன் செத்த செய்தி வந்தபோது, இயேசு படவில் ஏறித் தனிமையான இடத்துக்குப் போனார் என்று மத்தேயு 14 சொல்லுகிறது. பின்பு சிலுவையில் அவரே "ஏன்?" என்று பிதாவைக் கூப்பிட்டார். நம் கேள்வியின் வலி அவருக்குத் தெரியும்.

நம் திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில் ஊழியம் செய்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை அறிவீர்கள். ஆபத்திலிருந்த எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாயானவர். 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-ல் மரிக்கும்வரை, ஏறக்குறைய 20 வருஷம், பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். பழைய சுகம் திரும்பவில்லை. அந்த அறையிலிருந்தே பல புஸ்தகங்களை எழுதினார். கட்டு அவிழவில்லை, ஆனாலும் கர்த்தர் அவரைக் கைவிடவில்லை.

என் மனைவி பல மாதங்கள் ஆராதனையில் வாய்திறந்து பாடவில்லை. "ஜெபமே வரலைங்க" என்பாள். "வராததையே அவர்கிட்ட சொல்லு" என்றேன். ராத்திரியில் "ஏன்ப்பா?" என்ற ஒரே வார்த்தையைச் சொல்லி அழுவாள். அதுவும் ஜெபந்தான் என்று இன்று விசுவாசிக்கிறேன். எங்கள் பிள்ளை ஏன் போனான் என்பதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. ஆனால் கேள்வியோடு போன எங்களை அவர் ஒருநாளும் துரத்தவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் ஒரு தாய் அழுதால், என் மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறாள். காரணம் சொல்வதில்லை. நானும் அந்தப் பழைய வார்த்தையைச் சொல்வதில்லை.

பிரியமானவர்களே, உங்கள் கட்டு இன்னும் அவிழவில்லையா? கேள்வியை மறைக்காதிருங்கள், இயேசுவிடமே அனுப்புங்கள். பாடுபடுகிறவரைக் கண்டால் குற்றப்படுத்தாமல் கூட இருங்கள்.

ஜெபம்: அன்பின் தகப்பனே, எங்களுக்குப் புரியவில்லை. ஆனாலும் உம்மிடத்திலேயே வருகிறோம். இடறிப்போகாதபடி எங்களைப் பிடித்துக்கொள்ளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.