கழிவு நீரும் கம்மமும்

கல்கத்தா நகரம் பௌத்தர்களாகிய நமக்கு அன்னியமானதன்று. அநகாரிக தர்மபாலர் 1891-ஆம் ஆண்டில் கொழும்பில் நிறுவிய மகாபோதி சங்கம், அடுத்த ஆண்டே அந்நகரில் காரியாலயம் கொண்டது. கல்லூரிச் சதுக்கத்தில் 1920-இல் எழுந்த தர்மராஜிக விகாரை இன்றும் விளங்குகிறது. அந்நகரின் கிழக்குப் பகுதியில் நிகழ்ந்த ஒரு செய்தியை இப்பாடத்திற்கு எடுத்துக்கொள்கிறோம். நீரும் நிலமும் கெட்டவிடத்துக் கணக்குச் சொல்ல வேண்டியவர் யார் என்பதே நம் வினா.

டாங்ரா, தில்ஜலா, தோப்சியா, பக்லாடாங்கா ஆகிய இடங்களில் சுமார் 550 தோல் பதனிடும் சாலைகள் இருந்தன. குரோமியம் கலந்த கழிவு நீர் கால்வாய்களில் விடப்பட்டு, மீன் வளர்க்கும் சதுப்பு நிலங்களை நோக்கிச் சென்றது. கங்கையின் மாசு குறித்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாலைகள் பந்தலாவில் அமையும் வளாகத்திற்குப் பெயரவேண்டும். ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்டவேண்டும். தொழிலாளரின் உரிமைகள் காக்கப்படவேண்டும் என்பன அதன் கட்டளைகள். மாசு செய்தவனே அதன் செலவையும் ஏற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நெறி. எனினும் அவ்வளாகம் திறக்கப்பட்டது 2005-இல்தான்.

இத்தகைய வேளைகளில் மூன்று சாக்குகள் எழுகின்றன. அவற்றைத் தம்மத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

முதலாவது, துன்புறுவோரை நோக்கி, "இது உன் பழவினை" என்பது. சாதியின் பெயரால் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட சொல் இது. மோலிய சீவகன் என்னும் பரிவிராஜகன் இதனை வினவியபோது, பித்தம், வாதம், பருவ மாறுதல், பிறர் செய்யும் தாக்குதல் முதலியவற்றாலும் துன்பம் விளையும் என்றும், அனைத்தும் முன்வினையே என்பது பிழை என்றும் பகவான் விளக்கினார். ஆதலின் கிணறு கெட்டால் முன்பிறவியைத் தேடவேண்டா. கழிவு நீர் வந்த வழியைத் தேடுக.

இரண்டாவது, "கம்பெனி செய்தது, தனியொருவர் பொறுப்பில்லை" என்பது. தேர் என்பது சக்கரமும் அச்சும் கூடியவிடத்து வழங்கும் பெயரே என்று மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் உணர்த்தினார். கம்பெனியும் அவ்வாறே ஒரு பெயர். ஆனால் அதனுள் கையொப்பமிடும் கைகள் உண்டு. சேதனையே, அதாவது எண்ணமே, கம்மம் என்றார் புத்தர். நஞ்சென்று அறிந்தும், சுத்திகரிக்கப் பொருள் செலவாகும் என்று மதகைத் திறப்பவரிடம் அவ்வெண்ணம் இல்லையென்று எங்ஙனம் சொல்வது?

மூன்றாவது, "அரசு என் செய்யும்?" என்பது. சக்கவத்தி சீஹநாத சுத்தத்தில், மக்களோடு மிருகங்களையும் பறவைகளையும் காப்பதும் மன்னன் கடமையெனக் கூறப்படுகிறது. கண்டும் காணாதிருந்த ஆட்சியாளர் அக்கடமையினின்று வழுவியவரேயாவர்.

இவ்வினா நம் வீட்டு வாயிலிலும் நிற்கிறது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியின் தோல் சாலைகளால் பாலாறு கெட்டதை 1996 ஆகஸ்டு 28-இல் அதே உச்ச நீதிமன்றம் கண்டித்தது. இழப்பீடு எட்டாத குடும்பங்கள் இருந்தமையால், அரசே அதனைக் கொடுத்து, மாசு செய்தோரிடம் வசூலிக்கவேண்டுமென 2025 சனவரியில் மீண்டும் கட்டளையிட வேண்டியதாயிற்று. முப்பது ஆண்டுகளுக்குள் ஒரு தலைமுறை முதுமை எய்திவிட்டது. தீர்ப்பு கிடைத்தமையோடு நம் வேலை முடிவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஒன்றை மறவாதிருப்போம். தோலைத் தொட்டு உழைத்தவர் பலர் நம்மைப் போன்று ஒடுக்கப்பட்டோரே. அவர் நீரைக் குடித்தவரும், கூலி பெற்றவரும் ஆவர். அவர்மீது பழி சுமத்துதல் அறமன்று. இலாபம் எவரிடம் சென்றதோ, அதிகாரம் எவரிடம் இருந்ததோ, அவரிடமே கணக்குக் கேட்கவேண்டும்.

கேட்கும் முறையும் தம்மத்திற்கு இசைதல் வேண்டும். நீர் நிறம் மாறிய நாளையும் இடத்தையும் எழுதி வைத்தலும், மிகைப்படுத்தாது மனுச் செய்தலும் சம்மா வாசா ஆகும். நோயுறாத பிக்கு நீரில் எச்சிலும் உமிழலாகாது என்பது விநய விதி. ஓர் எச்சிலுக்கே கணக்குண்டெனில், ஓர் ஆற்றுக்கு இல்லையோ? பகையின்றிக் கேட்போம், ஆயின் விடாது கேட்போம்.

சாது! சாது! சாது!