பாட்டியின் படம்

ஒசூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஹெப்பகோடியில் தொழிற்சாலைகள் பல உள்ளன. அங்குப் பணிபுரியும் பெற்றோருடன் மாணவி ஒருத்தி வாழ்ந்து வந்தாள். தருமபுரியிலிருந்து வந்திருந்த அவள் பாட்டி மறுநாள் காலை ஊர் திரும்பவிருந்தார். அன்றிரவு, பாட்டியைச் சுவரோரம் அமர்த்தி, மாமாவின் கேமராவால் படம் எடுத்தாள். படத்தில் பாட்டியின் நெற்றி வெளுத்துப் பளபளத்தது. கண்கள் சிவந்து தோன்றின. சுவரில் கரிய நிழல் விழுந்திருந்தது.

"இது நானா, கண்ணு?" என்று வருந்தினார் பாட்டி.

திருமணங்களில் படம் எடுக்கும் மாமா காரணத்தை விளக்கினார். "ஃப்ளாஷ் சிறிய விளக்கு. சிறிய விளக்கின் ஒளி நிழலைக் கூர்மையாக்கும். அது லென்சுக்கு அருகிலிருந்து நேராகப் பாய்வதால், விழியின் உட்புறக் குருதி நாளங்களில் பட்டுத் திரும்பிச் செந்நிறம் காட்டுகிறது. விளக்கைப் பெரிதாக்கினால் ஒளி மென்மையாகும்."

"விளக்கை எப்படிப் பெரிதாக்குவது, மாமா?"

மாமா பாட்டியைச் சுவரைவிட்டு நான்கடி முன்னே அமர்த்தினார். ஃப்ளாஷின் தலையை வெண்ணிறக் கூரையை நோக்கித் திருப்பினார். கூரையில் பட்டுப் பரவிய ஒளி பெரிய விளக்கிலிருந்து வருவதுபோல் இறங்கியது. கூரை பச்சையாக இருந்தால் முகத்திலும் பச்சைச் சாயல் படியும். ஆதலால் வெண்மையே ஏற்றது. மேலிருந்து வரும் ஒளியில் கண்ணின் கீழே இருள் தங்கும். அதைப் போக்க, வெள்ளை வேட்டி ஒன்றைப் பாட்டியின் மடியில் விரித்தார்.

இம்முறை திரைப்படத்திலும் பயன்பட்டது. 1956ஆம் ஆண்டு வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்திற்காக, காசி நகர வீட்டின் முற்றம் அரங்காக அமைக்கப்பட்டது. ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அதன்மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்தார். முற்றத்தில் வானொளி இறங்குவதுபோலவே அது தோன்றியது.

இரண்டாம் படத்தில் பாட்டியின் முகச் சுருக்கங்களும் மூக்குத்தியும் தெளிவாகத் தெரிந்தன. "இதுதான் நான். இதையே சுவரில் மாட்டு" என்றார் பாட்டி.

அருஞ்சொற்பொருள்

குருதி – இரத்தம்
நாளம் – இரத்தக் குழாய்
சாயல் – நிறத்தின் மெல்லிய தோற்றம்

வினாக்கள்

1. முதற்படத்தில் பாட்டியின் கண்கள் சிவந்து தோன்றியது ஏன்?
2. மாமா வேட்டியை விரித்ததன் பயன் யாது?
3. சுப்ரதா மித்ரா கையாண்ட முறையும் மாமாவின் முறையும் எவ்வாறு ஒத்துள்ளன?
4. உன் வீட்டுப் பெரியவர் ஒருவரை இம்முறையில் படம் எடுத்து, அவரைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.