பருவகால வேலையிழப்பும் அதனை எதிர்கொள்ளும் வழிகளும்

பருவகால வேலையின்மை பற்றிய வினாவுக்கு வரைவிலக்கணத்தை மட்டும் எழுதிவிட்டுப் புள்ளிகளை இழப்போர் பலர். காரணத்தையும் பரிகாரத்தையும் உதாரணத்துடன் எழுதப் பழகுங்கள்.

வரைவிலக்கணம்
காலநிலை காரணமாகவோ கேள்வி குறைவதாலோ ஆண்டின் குறிப்பிட்ட காலத்தில் மட்டும் தொழிலாளர் வேலையிழத்தல் பருவகால வேலையின்மை எனப்படும். எப்போது வரும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பது இதன் சிறப்பியல்பாகும்.

உதாரணம்: கிழக்குக் கரையோரம்
பாசிக்குடா, அறுகம்குடா ஆகிய இடங்களில் மே முதல் செப்டெம்பர் வரை உல்லாசப் பயணிகள் அதிகம். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றினால் மழையும் கடற்கொந்தளிப்பும் ஏற்படும். அப்போது விடுதிகளில் ஆட்குறைப்பு நிகழும். கரைவலைத் தொழிலும் தடைப்படும்.

தொழில்தருநர் கையாளும் வழிகள்
1. ஊழியரின் வருடாந்த விடுமுறையை இக்காலத்தில் வழங்கல்.
2. நிறம் பூசுதல், திருத்த வேலைகளில் ஊழியரை ஈடுபடுத்தல்.
3. தென்மேல் கரையிலுள்ள தமது விடுதிகளுக்கு ஊழியரை இடமாற்றல்.
4. உள்ளூர்ப் பயணிகளுக்குக் கழிவு வழங்கிக் கேள்வியைக் கூட்டல்.

தொழிலாளர் கையாளும் வழிகள்
1. நவம்பர் முதல் ஏப்ரல் வரை பயணிகள் கூடும் ஹிக்கடுவை, உனவட்டுனை போன்ற இடங்களுக்குச் செல்லல்.
2. பெரும்போக நெல் வயல்களில் கூலி வேலை செய்தல்.
3. பருவகால வருமானத்தில் சீட்டுக் கட்டிச் சேமித்தல்.
4. நகை அடகு வைத்தல், சம்மாட்டியிடம் முற்பணம் பெறல்.

இவற்றுள் நான்காவது வழி ஆபத்தானது. முற்பணம் பெற்றவர் அடுத்த பருவத்தில் அதே சம்மாட்டியிடமே தொழில் செய்ய நேரிடும். சம்மாட்டிக்கு ஆள் உறுதியாகிறது. தொழிலாளிக்கோ கடன் தொடர்கிறது.

சட்டப் பாதுகாப்பு
1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒழுக்காற்றுக் காரணமின்றி ஊழியரை நிறுத்துவதற்கு அவரது எழுத்துமூலச் சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி தேவை. தற்காலிகமாக நிறுத்துவதும் இதில் அடங்கும். எனினும் 15 பேருக்குக் குறைந்த ஊழியரைக் கொண்ட நிறுவனங்களுக்கும், 12 மாதத்தில் 180 நாட்களுக்குக் குறைவாக வேலை செய்தோருக்கும் இது பொருந்தாது.

இங்கே சற்றுக் கணக்கிட்டுப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை 153 நாட்களே உள்ளன. எனவே ஒரு பருவத்துக்கு மட்டும் சேர்க்கப்படும் ஊழியர் இப்பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார். ஆயினும் ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12%, ஊழியர் 8% செலுத்துவது தற்காலிக ஊழியருக்கும் உரியதாகும். உங்கள் வீட்டில் யாராவது இவ்வாறு வேலை செய்தால் இதனைக் கேட்டறியச் சொல்லுங்கள்.

நினைவிற் கொள்க
பருவம் அனைவருக்கும் முன்கூட்டியே தெரியும். ஆனால் ஆயத்தம் செய்யும் வசதி அனைவருக்கும் சமமாக இல்லை.

பயிற்சி வினா
(அ) பருவகால வேலையின்மையை வரையறுக்குக. (2 புள்ளிகள்)
(ஆ) தொழில்தருநர், தொழிலாளர் கையாளும் வழிகள் இவ்விரண்டு தருக. (4 புள்ளிகள்)
(இ) முற்பணம் பெறுவது நிரந்தரத் தீர்வாகுமா? காரணங்காட்டி விளக்குக. (4 புள்ளிகள்)