லேபலின் நிறம் ஏன் மாறுகிறது?

முள்ளிவாய்க்கால் போன்ற கரையோரக் கிராமங்களில் கருவாடு, ஒடியல் மா, மிளகாய்த்தூள் முதலியவற்றைப் பக்கற்றில் அடைத்து விற்போர் பலர். வாங்குபவர் அவற்றை லேபலின் நிறத்தைக் கொண்டே அடையாளம் காண்கிறார். சென்ற முறை கடும் சிவப்பாக இருந்த லேபல் இம்முறை மங்கியிருந்தால், "பழைய சரக்கோ, போலியோ?" என்று ஐயப்படுவார். அச்சகத்தாரோடு வாக்குவாதப்படுமுன் காரணங்களை அறிந்துகொள்வோம்.

1. தாள்: பளபளப்பான லேபல் தாளின் மேல் வெண்களி, கல்சியம் காபனேற்று போன்றவை கலந்த பூச்சு உண்டு. கொப்பித் தாளில் மை உள்ளே ஊறி மங்கும். பூச்சுத் தாளில் மேலே நின்று பளிச்சிடும். அச்சு மை ஒளி ஊடுருவும் தன்மையுடையது. ஆகவே தாளின் வெண்மை மாறினால், மை மாறாவிட்டாலும் நிறம் மாறும்.

2. மையும் நீரும்: ஓப்செற் அச்சில் மைப்படலம் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே தடிப்பானது. மை சிறிது கூடினாலும், நீர் சிறிது மிஞ்சினாலும் கண்ணுக்குத் தெரியும்.

3. மேற்பூச்சு: பளபளப்பான பிளாஸ்ரிக் படலம் ஒட்டியதும் நிறம் கடுமையாகத் தோன்றும்.

4. வெளிச்சம்: மஞ்சள் மின்குமிழின் கீழ் ஒத்திருக்கும் இரு நிறங்கள் பகல் வெளிச்சத்தில் வேறுபடலாம். கணினித் திரை ஒளியால் நிறம் காட்டுவது. தாள் அதை அப்படியே காட்டாது.

பானம் தயாரிப்போர் மேலும் கவனிக்க வேண்டும். சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறங்களால் காட்டும் விதி இலங்கையில் 2016 இல் நடைமுறைக்கு வந்தது. செம்மஞ்சள், மஞ்சள் மையும் மஜெந்தா மையும் சேர்ந்து உண்டாவது. மஜெந்தா மிஞ்சினால் அது சிவப்பாகத் தெரியும். சீனி கூடிய பானமென மக்கள் ஒதுக்கிவிடுவர்.

காரணத்தைக் கண்டறியும் வழி இது. பழைய, புதிய லேபல்களைப் பகலில், வெயில் படாத வெளியிடத்தில் அருகருகே வையுங்கள். முதலில் அச்சில்லாத வெள்ளைப் பகுதியைப் பாருங்கள். அது வேறுபட்டால் தாளையே முதலில் ஐயப்படலாம். வெள்ளை ஒத்திருந்து, ஒரே கட்டுக்குள்ளேயே நிறம் கூடிக்குறைந்தால் மை, நீர்ச் சமநிலை பிழைத்திருக்கலாம்.

அடுத்த முறை அச்சிடக் கொடுக்கும்போது:

- திரையைப் பார்த்துச் சம்மதியாமல், அதே தாளில் மாதிரி அச்சு கேளுங்கள்.
- படலம் ஒட்டுவதாயின் ஒட்டிய பின்பே ஒப்பிடுங்கள்.
- ஏற்ற மாதிரியில் இரு தரப்பும் ஒப்பமிட்டு, ஆளுக்கொன்றாக வெயில் படாத உறையில் வைத்திருங்கள்.
- தாளின் பெயரையும் நிறையையும் பற்றுச்சீட்டில் எழுதுவியுங்கள்.

குழுவில் கலந்துரையாட: எமது லேபலில் எந்த நிறம் மாறினால் விற்பனை பாதிக்கப்படும்? அதன் மாதிரி யாரிடம் இருக்கிறது?